பாட்டியின் சரித்திரம் எழுதப் புகுந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பாட்டியாரின் முதலாண்டு நினைவாக உங்கள் குடும்பத்தார் அச்சிட்டு உறவினருக்கும் நண்பருக்கும் வழங்கிய மலர், உன் தகப்பனார் மூலமாக என் கைக்கும் வந்து சேர்ந்தது. வெண்பாக்களையும் இரங்கலுரைகளையும் புகைப்படங்களையும் புரட்டிவிட்டு, பதினான்கு பக்கம் நீண்டிருக்கும் உன் கட்டுரைக்கு வந்து அதை ஒரே மூச்சில் படித்தேன். மறுநாள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். உன் தகப்பனார் என்னிடம் தமிழ் படித்தவர் என்ற பாத்தியதையால் உன்னை ஒருமையில் விளித்து எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் பத்திரிகை வாயிலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாயையும் பாட்டியையும் பற்றி இப்போது எழுதப் புகும் இளைஞர்களில் பெரும்பாலோர் நீ செய்திருப்பதையே செய்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத எனக்கு அவகாசம் இல்லை. உங்கள் வீட்டாருடைய பெயர்களையும் ஊரின் பெயரையும் இதில் நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு உரியவை.

நடையைப் பற்றி உனக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது உனக்குக் கைவந்திருக்கிறது. துக்கம் மேலிடும் இடங்களில் ஆச்சரியக் குறிகளை வாரி இறைக்காமல் அடக்கமாகவே எழுதியிருக்கிறாய். ஆகவே இலக்கண விசாரத்தை விட்டுவிட்டு, அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்த குறைக்கு நேரே வந்துவிடுகிறேன்.

மலரின் முதற்பக்கத்தில் பாட்டியாரின் படத்துக்குக் கீழே, வழக்கப்படி, தோற்றம் 1927 என்றும் மறைவு 2023 என்றும் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற தொண்ணூற்றாறு வருஷத்தில் ஒரு வருஷத்துக்குக்கூட உன் கட்டுரையில் அடையாளம் இல்லை. பத்திக்கு ஒருமுறை ‘அந்தக் காலத்தில்’ என்கிறாய். அந்தக் காலத்தில் பெண்களைச் சிறு வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் ஒரு பெரிய புயல் அடித்தது, அந்தக் காலத்தில் காலணாவுக்கு மதிப்பு இருந்தது என்று எழுதிக்கொண்டே போகிறாய். எந்தக் காலத்தில், தம்பி? உன் பாட்டியார் பிறந்தபோது மேட்டூரில் அணை கிடையாது. அவர் கண்ணை மூடியபோது கடல் கடந்த தேசத்திலிருந்த பேத்தி கைபேசியில் முகம் காட்டி அழுதாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருவருடைய ஆயுளை ஒரே ‘அந்தக் கால’மாகச் சுருட்டி வைத்துவிட்டால், அவர் எதைத் தாண்டி எதற்கு வந்தார் என்பது படிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் தேதியா வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நீ கேட்கலாம். வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே என் பதில். அறுபது வருஷங்களின் பெயர்களையும் பிரபவ முதல் அட்சய வரையில் தலைகீழாகச் சொல்லக்கூடிய கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். 1876-இல் தொடங்கித் தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தை அவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். அதற்கு முன்னே பிறந்தவள், பின்னே பிறந்தவள் என்று தங்கள் பாட்டிமாரை அடையாளம் சொன்னார்கள். 1924-இல் காவிரியும் கொள்ளிடமும் கரை புரண்டு ஊர்களை அழித்த வெள்ளம் அவர்களுக்கு ரக்தாட்சி வருஷத்து வெள்ளம். கன்று ஈன்றதும் கடன் வாங்கியதும் கிணறு வெட்டியதும் இப்படியொரு முளையில் கட்டப்பட்டே அவர்கள் ஞாபகத்தில் கிடந்தன. பஞ்சாங்கம் அவர்களிடம் இருந்தது. கேட்டு எழுதிக்கொள்ளும் சிரத்தைதான் நம்மிடம் இல்லாமல் போயிற்று.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் அதிகம் என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். உன் கட்டுரையையே எடுத்துக்கொண்டு, அதில் நீ கவனமின்றிச் சிந்திவிட்டுப் போன வாக்கியங்களைப் பொறுக்கிச் சேர்த்தால் என்ன கிடைக்கிறது என்று காட்டுகிறேன். பிறகு நீயே முடிவு செய்துகொள்.

மூன்றாம் பக்கத்தில், தம்முடைய தமக்கைமார் இருவருக்கு ஒரே பந்தலில் கல்யாணம் நடந்ததாகவும், அப்போது தாம் மூன்று வயதுக் குழந்தை என்றும், இளையவளுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை என்றும் தம் தாயார் சொல்லக் கேட்டதாகப் பாட்டியார் கூறினார் என்கிறாய். இதை மூடப்பழக்கம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டு மேலே போய்விட்டாய். 1927-இல் பிறந்தவருக்கு மூன்றாம் வயது நடந்தது 1930-ஆம் வருஷத் தொடக்கத்தில். பெண்ணுக்குப் பதினான்கு வயதுக்குமுன் விவாகம் கூடாது என்ற சாரதா சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. இடையில் கிடைத்த அந்த ஆறு மாத காலத்துக்குள், சட்டத்தை முந்திக்கொள்ள வேண்டும் என்று, சுக்கில வருஷத்துத் தையிலும் மாசியிலும் தேசமெங்கும் அவசர அவசரமாகக் கல்யாணங்களை முடித்தார்கள். ஒரே பந்தலில் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த உன் கொள்ளுத்தாத்தா, வீட்டுச் சிக்கனத்துக்காக அப்படிச் செய்தாரோ, சட்டத்துக்கு அஞ்சிச் செய்தாரோ? மூன்று வயதுக் குழந்தையாக இருந்த காரணத்தால் உன் பாட்டியார் மட்டும் அந்தப் பந்தலிலிருந்து தப்பிப் பதினாறு வயது வரை பிறந்தகத்தில் இருந்திருக்கிறார். அவருடைய வாழ்வுக்கும் தமக்கைமாருடைய வாழ்வுக்கும் உள்ள பேதம் முழுவதும் அந்த ஒரு சட்டத்தில் அடங்கியிருக்கக்கூடும். அதைக் கண்டுகொள்ளாமல் நீ தாண்டிப் போனாய்.

அடுத்தது ஆறு. பாட்டியார் தம் தகப்பனார் தோள்மேல் உட்கார்ந்து, புதுவெள்ளம் நுரையும் சருகுமாக ஆற்றுக்குள் நுழைவதைப் பார்க்கப் போன கதையை அழகாகவே எழுதியிருக்கிறாய். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்டில். உன் பாட்டியாருக்கு அப்போது ஏழு வயது. தோளில் ஏறிப் போகிற பிராயம் என்றால் நாலோ ஐந்தோ இருக்க வேண்டும். அப்படியானால் அவர் பார்த்தது குடகில் மழை பெய்து, மேட்டூரில் தடுப்பாரின்றி வந்த காவிரியின் வெள்ளம். உன் தகப்பனாரும் நீயும் பார்த்ததெல்லாம் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். அது வரும் நாளை முன்கூட்டியே சர்க்கார் சொல்லிவிடும். நாள் தெரியாமல் ஊரே வாய்க்கால் தலைப்பில் காத்துக் கிடந்து, ஒரு விடியற்காலையில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கூவ, உறங்கும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் ஓடுகிற காட்சிக்கு உள்ள வேகம், வருஷம் தெரிந்த பிறகல்லவா வருகிறது?

கல்யாணம் இலுப்பெண்ணெய் விளக்கில் நடந்தது என்பதைப் பழமையின் எளிமைக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறாய். அது எளிமையால் வந்ததன்று, தம்பி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் மண்ணெண்ணெயும் நின்றன. லாந்தரும் அரிக்கேனும் வந்து பழகிப்போயிருந்த வீடுகள் பழைய எண்ணெய்க்குத் திரும்பின. பாட்டியாருக்குப் பதினாறு வயதில் கல்யாணம் என்று வேறோரிடத்தில் சொல்கிறாய். 1927-உடன் பதினாறைக் கூட்டினால் 1943. இலுப்பெண்ணெயும் அதையே சொல்கிறது. ஆகக் கல்யாண வருஷம் கிடைத்துவிட்டது.

இனிப் புயல். கூரை பறந்த ராத்திரியில், வயிற்றில் உன் பெரியப்பாவோடு, நெற்குதிரின் ஓரத்தில் பாட்டியார் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறாய். தஞ்சை ஜில்லா ஜனங்கள் பெரிய புயல் என்று சொன்னால் ஐம்பதுகளில் அது இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது ஒன்று. 1955 டிசம்பர்த் தொடக்கத்தில் ராஜாமடம் பக்கம் வந்தது மற்றொன்று. உன் பாட்டியார் கண்டது எது? இதற்கு விடை உன் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. கும்பகோணத்து மாமாங்கத்தில், இடுப்பில் உன் அத்தையை வைத்துக்கொண்டு, கூட்ட நெரிசலில் முந்தானை முடிச்சிலிருந்த காலணாக்களைத் தொலைத்துவிட்டுத் தவித்ததை அங்கே சொல்கிறாய். அவர் புக்ககம் வந்த பிறகு முதலில் மாமாங்கம் வந்த மூன்று வருஷங்கள் 1945, 1956, 1968. 1968-இல் காலணா புழக்கத்திலேயே இல்லை. அத்தை இரண்டாவது குழந்தை. முதல் குழந்தையே ஐம்பதுகளின் புயலில் வயிற்றில் இருந்தது என்றால் 1945-உம் பொருந்தாது. 1956 மாசியில் இரண்டாவது குழந்தை இடுப்பில் இருந்தது என்றால், முதல் குழந்தை வயிற்றில் இருந்த புயல் அதற்கு முந்தின டிசம்பரில் அடித்ததாக இருக்க முடியாது. ஆகவே புயல் நந்தன வருஷத்துக் கார்த்திகைப் புயல். உன் பெரியப்பா பிறந்தது 1953.

காலணாவைச் சொன்னதும் என் தாயாரின் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ‘கல்கி’ பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையில் தொடராக வந்தபோது நான் சிறு பையன். வாரந்தோறும் பத்திரிகை வந்ததும் எங்கள் அகத்தில் அது கைமாறிக் கைமாறிக் கடைசியாக என் தாயாரிடம் போய்ச் சேரும். அவர் அடுக்களை வேலையை முடித்துவிட்டு, கூடத்துத் தூணில் சாய்ந்து, உதடு அசையப் படிப்பார். பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி தைக்கும் ஊசியால் இரட்டை நூல் கோத்துத் தைத்து, பழுப்புக் காகிதத்தில் கோதுமைப் பசை தடவி அட்டை போட்டு வைப்பார். அட்டைக்கும் கதைக்கும் நடுவே வெற்றுத் தாள்கள் சிலவற்றைச் சேர்த்துத் தைப்பது அவர் வழக்கம். அந்தத் தாள்களில்தான் வீட்டுக் கணக்கு இருக்கும். புளி இரண்டு வீசை, நல்லெண்ணெய் ஒரு படி, சலவைக்குப் போட்ட உருப்படி இத்தனை, பால்காரிக்குப் பாக்கி இத்தனை அணா என்று மெல்லிய சாய்வெழுத்தில் எழுதிவைப்பார். 1957 ஏப்ரல் முதல் தேதி பதினாறணா ரூபாய் போய் நூறு நயா பைசா ரூபாய் வந்ததும், அந்தக் கணக்கில் சில மாதங்கள் அணாவும் பைசாவும் அருகருகே நிற்கும். பழைய கணக்கில் ஒருமுறை, புதிய கணக்கில் ஒருமுறை என்று இரண்டுதரம் கூட்டிப் பார்த்திருப்பார். மெட்ரிக் எடைகள் வந்த பிறகு ஒரு பக்கத்தில் வீசை என்று எழுதி, அடித்துவிட்டு, கிலோ என்று எழுதியிருக்கிறார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு ஸ்திரீ, தேசம் தன் நாணயத்தையும் தராசையும் மாற்றிய சமயத்தில் அதை ஒரு நாளும் தடுமாறாமல் கடந்து வந்ததற்கு அந்த அடித்தல்தான் எனக்கு ஆதாரம். அவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்கையில் அந்தத் தொகுதிகளைப் பழைய காகிதத்தோடு போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கதைக்காகப் பத்திரப்படுத்தியவர் அவர். கணக்குக்காகப் பத்திரப்படுத்துகிறவன் நான்.

உன் கட்டுரைக்குத் திரும்புகிறேன். கல்யாணம் 1943, முதல் குழந்தை 1953. நடுவில் பத்து வருஷம். தம்பி, இந்தப் பத்து வருஷத்தைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இருப்பதே உனக்குத் தெரியாது. வருஷங்களை எழுதிப் பார்த்திருந்தால்தானே தெரியும்? பதினாறு வயதில் புக்ககம் வந்து, இருபத்தாறு வயது வரையில் மடியில் குழந்தையில்லாமல், நாத்தனார்களும் ஓரகத்திமார்களும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில், விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமம் வாங்குகையில் ஒதுங்கி நின்று, வளைகாப்பு என்றால் பின்கட்டில் வேலையிருப்பதாகச் சொல்லி நழுவிக்கொண்டு ஒரு பெண் கழித்திருக்கக்கூடிய பத்து வருஷம் அது. உங்கள் வீட்டில் அப்படி நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. தஞ்சை ஜில்லாவில் அந்நாளில் பிள்ளையில்லாத மருமகளுக்கு என்ன நேரும் என்பது எனக்குத் தெரியுமாதலால் சொல்கிறேன். உன் பாட்டியாரின் சரித்திரத்தில் மிகப் பெரிய அத்தியாயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘அந்தக் காலத்தில்’ என்று நீ எழுதின ஒவ்வொரு இடத்திலும் அந்த அத்தியாயத்தின்மேல் ஒரு கூடை மண்ணைப் போட்டாய்.

பதினோராம் பக்கத்தைப் பார். பாட்டியாருக்குப் பக்தி அதிகம் என்று தொடங்கி, அவர் போய்வந்த ஸ்தலங்களை அடுக்குகையில், ராமேஸ்வரம் சென்று தனுஷ்கோடியில் ஸ்நானம் செய்தார் என்று ஒரு வரி வைத்திருக்கிறாய். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. அதற்கு முன்னே என்பது நிச்சயம். ஆனால் எவ்வளவு முன்னே? சேது ஸ்நானம் புத்திர பாக்கியம் வேண்டிச் செய்வது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த யாத்திரை 1952-க்கு முந்தியது என்று தெரியவந்தால், அந்த வரி பக்திப் பட்டியலில் இருக்க முடியாது. ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்து, கணவரோடு கடலில் இறங்கி நின்ற இருபது வயதுப் பெண் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது அப்போது உனக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும்.

இரண்டாவது குறை, முதலாவதிலிருந்தே பிறந்தது. காலம் இல்லாத இடத்தில் மனுஷியும் இருக்க முடியாது. அங்கே ஒரு விக்கிரகம்தான் இருக்கும். தியாகத்தின் திருவுருவம் என்கிறாய், பொறுமையில் பூமாதேவி என்கிறாய், தனக்கென்று ஒன்றும் வேண்டாதவர் என்கிறாய். இந்த மூன்று வாக்கியங்களும் இந்த மலரிலுள்ள மற்ற இரங்கலுரைகளிலும் அப்படியே இருக்கின்றன. எந்த வீட்டு மலரை எடுத்தாலும் இருக்கும். தனக்கென்று ஒன்றும் வேண்டாதவர் என்று எழுதிய அதே கையால், அவர் தம் வெற்றிலைப் பெட்டியை யாரையும் தொடவிடாததையும், சுண்ணாம்பு காரமாக இருந்தால் வாங்கிவந்த பையனைத் திரும்பக் கடைக்கு ஓட்டியதையும், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தமக்கென்று ஒரு புடவை கேட்டு வாங்கியதையும் எழுதியிருக்கிறாய். வேண்டியவர்தான் அவர். வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தெரிந்தவர். அப்படிப்பட்டவரை எதுவும் வேண்டாதவராக்கி வணங்குவதால் அவருக்கு என்ன மரியாதை செய்ததாக ஆகும்? பெற்றவளைப் பூஜை செய்துவிட்டால் அவளை அறிந்துகொள்ளும் கடமை தீர்ந்துவிட்டதாக நம்மவர் நெடுநாளாக நினைத்துவருகிறார்கள். உன் தலைமுறையும் அப்படியே நினைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இவ்வளவு கடிந்துகொண்டவன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழாம் பக்கத்தின் நடுப்பத்தியை நான் என்றும் மறக்கமாட்டேன். பாகப் பிரிவினையில் ஒரு பித்தளைத் தவலைக்காக உன் பாட்டியாருக்கும் அவருடைய இளைய ஓரகத்திக்கும் மனஸ்தாபம் உண்டாகி, ஒரே முற்றத்தின் இரு பக்கத்திலும் குடியிருந்துகொண்டு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்றும், ஆனால் இந்த வீட்டுப் பசு ஈன்றாலும் அந்த வீட்டுப் பசு ஈன்றாலும் சீம்பால் காய்ச்சிய பாத்திரம் மட்டும் குழந்தைகளின் கையில் முற்றத்தைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தது என்றும், பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை என்றும் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு பத்திக்கு ஈடாக இந்த இருபது வருஷத்தில் வந்த நினைவுக் கட்டுரைகளில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வியாக்கியானம் செய்யாமல் விட்டாய். பாசம் வென்றது, பகை தோற்றது என்று அடியில் ஒரு வாக்கியம் சேர்க்காமல் விட்டாய். அதை எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாம் எழுதத் தெரியும். அந்தப் பத்தியைப் படித்த சந்தோஷத்தால்தான் மற்றப் பக்கங்களின்மேல் எனக்கு இத்தனை கோபம் வந்தது.

முன்னோர் எப்படிச் செய்தார்கள் என்று பார். உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து வயது. ஆனந்த வருஷம் மாசி மாதத்தில் தாம் பிறந்ததிலிருந்து, எந்த ஊரில், யார் வீட்டில், எந்தப் பாடம் கேட்டார் என்பது வரையில், நிறுத்தி நிதானமாக வருஷத்தோடும் ஊர்ப் பெயரோடும் சொல்லிக்கொண்டு போகிறார். 1942 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து சென்னையே காலியானபோது திருக்கழுக்குன்றம் போய், அங்கேயே காலமானார். சரித்திரம் முடிவு பெறாமலே நின்றது. அது புலவருடைய வாழ்க்கை, இது அடுக்களையிலிருந்த பெண்ணின் வாழ்க்கை என்று நீ பேதம் சொல்லக்கூடும். கீழ்வெண்மணிப் படுகொலையை நேரில் போய் விசாரித்து எழுதிய மைதிலி சிவராமன், தம் பாட்டி சுப்புலட்சுமியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கிரந்தம் எழுதி 2006-இல் வெளியிட்டார். சிறு வயதிலேயே மணமாகி, உப்பு இலாகா உத்தியோகஸ்தரின் மனைவியாக, நோயும் தனிமையுமாக வாழ்ந்த அந்த அம்மையார் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் காகிதங்களையும் வைத்துக்கொண்டு, அவர் என்ன படித்தார், எதற்கு ஏங்கினார், மகளைப் படிக்கவைக்க என்ன பாடுபட்டார் என்பதைப் பேத்தி கண்டெடுத்த விதத்தைப் படித்துப் பார். அதில் ஆராதனை கிடையாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அன்பு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் கட்டுரையில் பாட்டியாரின் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. அதுவரையில் அவர் பாட்டி, அம்மா, அத்தை, அண்ணி. சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடநாட்டு ராஜ்யங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொண்டார்கள். அப்படிப் பதிந்தவர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேரை, பெயர் இல்லாத காரணத்தால், பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. நம் ராஜ்யத்தில் 1952 ஜனவரியில் அந்தத் தேர்தல் நடந்தபோது உன் பாட்டியாருக்கு இருபத்து நான்கு வயது. தம் பெயரைச் சொல்லித் தம் ஓட்டைப் போட்டாரா? யாரோடு போனார்? இதையெல்லாம் அவர் உயிரோடிருக்கையில் கேட்டிருக்கலாம். இனி வேறு வழிகளில்தான் தேட வேண்டும்.

தேடவும் இடங்கள் இருக்கின்றன. பாகப் பிரிவினைப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆகியிருந்தால் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் கிடைக்கும். அதன் தேதிதான் அந்தப் பதினோரு வருஷ மௌனத்தின் தொடக்கம். பழைய கிராம முன்சீப் எழுதிய பிறப்புப் பதிவுகளைப் பார். குழந்தையின் பெயரை அவர்கள் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், தகப்பன் பெயரும் ஆண், பெண் என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும், அது போதும். உன் பெரியப்பாவுக்கு முன்னே அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தால் அதுவும் அங்கே இருக்கக்கூடும். ஜாதகங்களை எடு. கல்யாணப் பத்திரிகைகளை எடு. வீட்டுப் பரணிலிருக்கும் பித்தளைப் பாத்திரங்களைப் புரட்டிப் பார். பெயரும் சில சமயம் வருஷமும் வெட்டியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் செய். அந்த இளைய ஓரகத்தி, உன் சின்னப் பாட்டி, தொண்ணூறைத் தாண்டி இன்னும் இருக்கிறார் என்றும், கண்பார்வை குறைந்துவிட்டாலும் ஞாபகம் குறையவில்லை என்றும், மகள் வீட்டில் மாயவரத்தில் இருக்கிறார் என்றும் உன் தகப்பனார் எழுதியிருக்கிறார். உன் கட்டுரைக்காக நீ அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது. உன் பாட்டியார் குழந்தையில்லாமல் இருந்த அந்த வருஷங்களில் எந்த வருஷம் இவர் மருமகளாக வந்தார், இவருக்கு முதல் பிள்ளை எப்போது பிறந்தது, அதை உன் பாட்டியார் எப்படித் தூக்கி வளர்த்தார் அல்லது தூக்காமல் இருந்தார், தவலை என்று வெளியே சொல்லிக்கொண்ட சண்டை உண்மையில் எதைப் பற்றியது என்பதெல்லாம் இப்போது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே புறப்படு. நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போ. கைபேசியை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்ய அனுமதி கேட்டுக்கொள். ஆனால் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்காதே. வருஷம் என்ன என்று கேட்காமல், புயலுக்கு முந்தியா பிந்தியா, மாமாங்கத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேள், அவர் சொல்வார். அவர் சொல்லி முடித்த பிறகு கட்டுரையைத் திரும்ப எழுது. எழுதியதை எனக்கு அனுப்பு.

ஆசீர்வாதத்துடன்,
உன் தகப்பனாரின் பழைய ஆசிரியன்